ஒட்டிய இமையைப் பிய்க்காதீர்கள், ஊற விடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று நாளுக்கு முன் எனக்குத் திருமண வரவேற்பு நடந்தது. மேக்கப் போட வந்தவர் இரண்டு கண்ணுக்கும் ஐலாஷ் ஒட்டிவிட்டார். மண்டபத்திலிருந்து அறைக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது வலது கண்ணில் இருந்ததை அத்தை மகள் பிடித்து இழுத்துவிட்டாள். கூடவே என் சொந்த முடியும் கொத்தாக வந்துவிட்டது. கண்ணின் வெளி ஓரத்தில் இப்போது வெற்றிடமாகத் தெரிகிறது. பயந்துபோய் இடது கண்ணைத் தொடவே இல்லை. அதில் பட்டை பாதி பெயர்ந்து பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, லேசாக அரிக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். யூடியூபில் நெயில் பாலிஷ் ரிமூவர் என்கிறார்கள். நான் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். வீட்டிலேயே எடுத்துவிட முடியுமா? போன முடி திரும்ப முளைக்குமா? ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து இருக்கிறது, அதற்குத் திரும்பவும் ஒட்டிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுத்துப் பிய்த்தால் சேதம் பெரும்பாலும் முடியோடு நின்றுவிடும், ரிமூவரோ கண்ணையே பாதிக்கும். அதில் இருப்பது அசிட்டோன் அல்லது அதைப் போன்ற ஒரு கரைப்பான். நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில்தான் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூடக் கிடையாது. அசிட்டோன் பட்டால் அந்தத் தோல் எரிந்து, சிவந்து, உரியும். ஒரு துளி உள்ளே இறங்கினால் கருவிழியின் மேல்படலம் புண்ணாகிவிடும். பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒன்றும் ஆகாது என்று வீடியோவில் காட்டுவார்கள். மூடிய கண்ணிலும் இமை விளிம்பு வழியாக நீர் உள்ளே கசியும். ஸ்பிரிட், சானிடைசர், பெயின்ட் தின்னர் என்று யார் எதைச் சொன்னாலும் இதே பதில்தான்.

அம்மா சொன்ன தேங்காய் எண்ணெய் உங்கள் விஷயத்தில் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு போன் செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்கு மேக்கப் போட்டவரைக் கூப்பிட்டு, என்ன பசை வைத்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த பாட்டிலையோ டியூபையோ படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் எடுக்கலாமா கூடாதா என்பதைப் பசைதான் முடிவு செய்கிறது. இமையைப் பற்றி எனக்கு எழுதுகிற பலரும் எந்த எண்ணெய், எந்த ரிமூவர் என்றுதான் கேட்கிறார்கள். என்ன பசை என்று யாரும் விசாரிப்பதில்லை.

விவரம் இதுதான். பொதுவாகக் கல்யாணத்துக்கு ஒட்டுவது பட்டை ஐலாஷ். ஒரு மெல்லிய நூல் போன்ற பட்டையில் முடிகள் வரிசையாக இருக்கும். அந்தப் பட்டையை இமை விளிம்புக்கு மேலே, தோலில் ஒட்டுவார்கள். இதற்கான பசை பெரும்பாலும் ரப்பர் பால் கலந்தது, அல்லது அக்ரிலிக் வகை. காய்ந்தபின் விரலால் உருட்டினால் ரப்பர் மாதிரி சுருண்டு வரும். எண்ணெய் பட்டால் பிடி தளரும். ஒரு இரவுக்கென்று செய்த பசை இது.

இன்னொன்று பார்லரில் மணிக்கணக்காகப் படுக்கவைத்து வைக்கிற ஐலாஷ் எக்ஸ்டென்ஷன். இதில் பட்டை கிடையாது. உங்கள் சொந்த முடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியை ஒட்டுவார்கள். அதற்குப் பயன்படுவது சயனோஅக்ரிலேட், அதாவது நாம் ஃபெவிக்விக் என்று வாங்குகிறோமே, அந்தக் குடும்பத்துப் பசை. 1958-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் 910 என்ற பெயரில் கடைக்கு வந்ததிலிருந்து இதன் குணம் மாறவில்லை: ஈரம் பட்டால்தான் இறுகும். அதனால் கண்ணீரோ தண்ணீரோ பட்டு இது கரையப் போவதில்லை. எண்ணெய்க்கும் எளிதில் மசியாது. ஜப்பானில் எக்ஸ்டென்ஷனுக்குப் பிறகு கண் கோளாறோடு வந்த பெண்களைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களுக்குப் பயன்படுத்திய பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்தது தெரியவந்தது. கண்ணைக் கடுமையாக உறுத்துகிற பொருள் அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. ஐந்தாறு முடி சேர்ந்த சின்னச் சின்னக் கொத்துகளாக வைப்பது. இதில்தான் குழப்பம் வருகிறது, ஏனென்றால் கொத்தை இரண்டு விதப் பசையாலும் ஒட்டுகிறார்கள். வரவேற்பு முடியும்வரை வியர்வையில் பெயரக் கூடாது என்று அழுத்தமான பசையை வைத்துவிடுபவர்களும் உண்டு.

உங்கள் இடது கண்ணில் பட்டை பாதி பெயர்ந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பட்டை ஐலாஷ், ரப்பர் வகைப் பசை என்றுதான் படுகிறது. பெயர்ந்த முனையில் இருக்கும் பசையைக் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ மெத்தென்று இருந்தால் என் ஊகம் சரி. கண்ணாடித் துகள் மாதிரி கெட்டியாக, பளபளவென்று, முடியோடு முடியைச் சேர்த்துப் பிடித்திருந்தால் அது சயனோஅக்ரிலேட்டாக இருக்கலாம். அப்படியென்றால் இனி நான் சொல்லும் எண்ணெய் முறையில் இறங்க வேண்டாம்.

சரி, அது ரப்பர் பசைதான் என்று மேக்கப் போட்டவரும் உறுதி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உறையில் ஒட்டிய தபால்தலையைக் கிழியாமல் எடுக்க என்ன செய்வோமோ அதையேதான் இங்கேயும் செய்யப் போகிறோம். ஊறவைத்தால் தானாக விட்டுவிடும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எடுப்பது உங்கள் கையாகவே இருக்கட்டும். இழுக்கும்போது எங்கே சுரீர் என்கிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வலது கண்ணில் நடந்ததும் அதுதான்.

இந்த மூன்று நாளில் லென்ஸ் போட்டீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இப்போது கண்ணில் இருந்தால், கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, வேறு எதற்கும் முன்னால் அதைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய் லென்ஸில் படிந்தால் எளிதில் போகாது, பசைத் துணுக்கு லென்ஸுக்கு அடியில் சிக்கினால் கருவிழியைக் கீறும். இந்த மூன்று நாளும் போட்ட லென்ஸ் தினமும் தூக்கிப் போடும் வகையோ மாத லென்ஸோ, எதுவானாலும் அதை எறிந்துவிடுங்கள். அரிப்பும் சிவப்பும் முழுக்க அடங்கும்வரை கண்ணாடிதான்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே சுடுகிறது என்றால் இமைக்கும் சுடும். வட்டமான காட்டன் பேடை அதில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், சும்மா கிடக்கட்டும். ஆறினால் மறுபடி நனைத்து வையுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் மூன்று நாளாகக் காய்ந்து கிடக்கும் மஸ்காராவும் ஐலைனரும் இளகும். அவற்றை மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். பஞ்சை உருட்டி எடுத்துத் தேய்ப்பதைவிட காட்டன் பேட் நல்லது. சாதாரணப் பஞ்சின் இழைகள் பசையில் ஒட்டி, கண்ணுக்குள் போகும்.

அடுத்தது எண்ணெய். சமையலுக்கு வாங்குகிற சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். தலைக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய், மூலிகை எண்ணெய், கற்பூரம் கலந்தது எதுவும் வேண்டாம். பேபி ஆயில் இருந்தால் அதுவும் சரி. கண் மேக்கப்புக்கென்றே விற்கும் எண்ணெய் கலந்த ரிமூவர் வாங்க முடிந்தால் அது இன்னும் வசதி. அதற்காகக் கடை கடையாக அலையத் தேவையில்லை. மைசெல்லார் வாட்டர் மேக்கப்பை எடுக்கும், ஆனால் கல்யாணத்துக்கு அழுத்தமாக வைத்த பசைக்கு அது பெரும்பாலும் போதாது.

இயர்பட்ஸின் நுனியை எண்ணெயில் தொட்டு, சொட்டாத அளவுக்குக் கிண்ணத்தின் ஓரத்தில் வழித்துக்கொள்ளுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கண்ணாடியைப் பார்த்தபடி, பட்டை தோலோடு சேரும் கோட்டின் மேல் வெளி ஓரத்திலிருந்து மூக்குப் பக்கம் வரை தடவுங்கள். பெயர்ந்து நிற்கும் பகுதியின் அடியிலும் தடவுங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருங்கள். எல்லோரும் தவறவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். தடவியவுடன் இழுத்துப் பார்ப்பார்கள், வரவில்லை என்றதும் பலம் கொடுப்பார்கள், முடி வந்துவிடும். எண்ணெய் பசைக்குள் போக நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

கண்ணுக்குள் எண்ணெய் கொஞ்சம் போய்விட்டால் பயப்படாதீர்கள். பார்வை சற்று நேரம் மங்கலாக இருக்கும். ஆறிய தண்ணீரால் கழுவி, சில தடவை கண் சிமிட்டினால் தெளிந்துவிடும்.

இப்போது பட்டையின் பெயர்ந்த முனையைப் பிடியுங்கள். முடி நுனியைப் பிடிக்கக் கூடாது, பட்டையைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் நகம் படாமல் விரல் சதையால். மறு கையின் விரலை இமையின் வெளி ஓரத்துத் தோலில் லேசாக வைத்துக்கொண்டால் தோல் கூடவே இழுபடாது. பட்டையை மேலே தூக்காமல் இமையை ஒட்டியபடியே, உருட்டுகிற மாதிரி, மூக்குப் பக்கமாகக் கொண்டுபோங்கள். எங்கே சுருக்கென்று குத்துகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அங்கே உங்கள் முடி பசைக்குள் மாட்டியிருக்கிறது. அந்தப் புள்ளிக்கு மட்டும் திரும்ப எண்ணெய் வைத்து, திரும்பக் காத்திருங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி நிற்க வேண்டியிருக்கும். கடைசித் துண்டு வராமல் முரண்டு பிடித்தால் இன்று அப்படியே விட்டுவிட்டு நாளைக் காலை தொடருங்கள். ஒரு நாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி எடுக்கலாமா என்று அடுத்துத் தோன்றும். அது வேண்டாம். ட்வீசரும் வேண்டாம்.

பட்டை வந்தபின் முடிகளின் அடியில் பசைத் துணுக்குகள் மிஞ்சியிருக்கும். அதே எண்ணெய் தொட்ட இயர்பட்ஸை முடி வளரும் திசையிலேயே உருட்டினால் வந்துவிடும். காய்ந்த பசையை நகத்தால் சுரண்டி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வலது கண்ணிலும் பசை மிச்சம் இருக்கும், அங்கே கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணுக்கும் இதேபோல் வெதுவெதுப்பான பேடும் எண்ணெயும் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எடுத்து முடித்தாயிற்று என்று எண்ணெயோடு அப்படியே படுத்துவிடாதீர்கள். மேல் இமையின் விளிம்பில், முடி வரிசைக்குச் சற்று உள்ளே, 25 முதல் 40 எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காப்பது அவை விடுகிற எண்ணெய்ப் படலம்தான். பசையும் பழைய மேக்கப்பும் நாம் வைத்த எண்ணெயும் சேர்ந்து அந்த வாய்களை அடைத்தால் கண்கட்டி வரும். மெடிக்கலில் இமை துடைப்பதற்கென்றே ஈரத்துணிகள் கிடைக்கின்றன, அதில் துடைக்கலாம். கிடைக்காவிட்டால் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, காட்டன் பேடால் மூடிய இமையின் விளிம்பைத் துடைத்து, சுத்தமான தண்ணீரால் கழுவிவிடுங்கள். அப்புறம் குளிர்ந்த நீரில் நனைத்த பேடை ஐந்து நிமிடம் வைத்தால் அரிப்பு குறையும். மருந்து இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு இரண்டு மூன்று வேளை விட்டுக்கொள்ளலாம்.

மெடிக்கலில் சிவப்பு போக ஒரு சொட்டு கொடுங்கள் என்று கேட்காதீர்கள். பல இடங்களில் கையில் கொடுப்பது ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருக்கிறது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட சில மணி நேரத்தில் கண் வெளுத்துவிடும், நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் கருவிழியில் ஒரு சின்னக் கீறல் இருந்து அதில் பூஞ்சை புகுந்திருந்தால் இதே மருந்து அதை வளர்த்துவிடும். நம் பக்கத்து வெப்பத்தில் கருவிழிப் பூஞ்சைப் புண் அபூர்வமானதே இல்லை. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டுவது எல்லாம் வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதுதான். பாட்டியோ மாமியாரோ சொன்னால் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். தோல் இழுபட்டிருக்கும் நேரத்தில் கிருமி நீக்காத எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது.

ஒருவேளை அது சயனோஅக்ரிலேட் என்று தெரியவந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கரைக்கும் ஜெல் ரிமூவர்கள் இருக்கின்றன. அவை கண்ணுக்குள் போனால் எரிச்சலும் புண்ணும் வரும். கீழ் முடிகளை மறைத்து, கண் மூடிப் படுத்திருக்கும்போது பயிற்சி உள்ள இன்னொருவர்தான் வைக்க வேண்டும். தனக்குத்தானே செய்துகொள்ளும் வேலை இல்லை அது. பார்லரில் செய்ய மனமில்லை என்றால் கண் மருத்துவரிடம் போங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். அரிப்போ வீக்கமோ இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழி. நம் இமை முடி தினமும் ஒன்றிரண்டு உதிர்வது வழக்கம், அது உதிரும்போது ஒட்டியதும் சேர்ந்து போய்விடும். சில வாரங்கள் ஆகும்.

பசையே கண்ணுக்குள் சிந்தி, இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாக வருபவர்கள் உண்டு. சொட்டு மருந்து பாட்டிலும் நகப் பசை பாட்டிலும் ஒரே அளவில் இருப்பதால் இருட்டில் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். அப்போது இமையை விரலால் பிரிக்க முயலக் கூடாது. வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து 15 நிமிடம் ஊற்றிவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உங்களை அதிகம் வாட்டும் கேள்விக்கு வருகிறேன். முளைக்கும். மேல் இமையில் 90 முதல் 150 முடிகள் இருக்கின்றன, கொத்தாகப் போனது கண்ணாடியில் தெரிகிற அளவுக்கு அது பெரிய இழப்பில்லை. தலைமுடி வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். இமை முடி சில வாரங்களே வளரும், ஒரு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், பிறகு மாதக்கணக்கில் சும்மா இருந்து உதிரும். ஒரு நாளைக்கு அது வளர்வது ஏறத்தாழ 0.12 முதல் 0.15 மில்லிமீட்டர். வேரோடு பிய்ந்த முடி முதலில் தோலுக்குள் தயாராகி, பிறகு வெளியே வந்து நீள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் நுனி தெரியத் தொடங்கும், வெற்றிடம் தெரியாமல் நிரம்ப மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். ஒரே முறை பிய்ந்ததால் வேர்க்கால் செத்துப்போவது அரிது. மாதத்துக்கு ஒரு தரம் ஒட்டி, ஒவ்வொரு தரமும் இழுத்துப் பிய்த்தால்தான் வேர்க்கால் வடுவாகி, அந்த இடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடும்.

விளக்கெண்ணெய் தடவினால் இமை முடி அடர்த்தியாகும் என்று நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். முடி பளபளப்பாகத் தெரியும். முளைக்க வைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, சுரப்பி வாய்களை அடைக்கும் ஆபத்துதான் உண்டு. உண்மையிலேயே இமை முடியை வளர்க்கிற மருந்து ஒன்று இருக்கிறது. பிமாட்டோப்ரோஸ்ட் என்று பெயர். கண் அழுத்தத்துக்குப் போடுகிற சொட்டு அது. அதைப் போட்ட நோயாளிகளுக்கு இமை முடி நீண்டு கறுத்ததைப் பார்த்துத்தான் அந்தப் பயன் தெரியவந்தது. 2008-ல் அமெரிக்காவில் இமை முடிக்கென்றே அனுமதியும் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கே சீட்டு இல்லாமல் வாங்கித் தடவுகிறார்கள். இமைத் தோல் கறுக்கும், கண் சிவக்கும், கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு வற்றி இமை உள்வாங்கிப் போவதும் நடக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளிக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம். மூன்று மாதம் பொறுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டிக்கொள்ளாதீர்கள். வலது இமையின் தோல் இழுபட்டிருக்கிறது, இடது இமை அரிக்கிறது. அரிப்பு பசை காய்ந்ததால் வந்ததா, ரப்பர் பால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததால் வந்ததா என்பது இன்னும் தெரியவில்லை. பலூன் ஊதினால் உதடு தடிக்குமா, ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் ரப்பர் கலந்த பசை உங்களுக்கு ஆகாது. விருந்தன்று அரிப்பும் வீக்கமும் சுத்தமாக அடங்கியிருந்தால், புதிதாகப் பிரித்த ஐலைனர் பென்சிலால் முடி வரிசைக்கு வெளியே ஒரு கோடு போடுங்கள். வலது ஓரத்து வெற்றிடம் படத்தில்கூடத் தெரியாது. பழைய பென்சில் வேண்டாம், வாட்டர்புரூஃப் மஸ்காராவும் வேண்டாம், அதை எடுக்கத் திரும்பவும் தேய்க்க வேண்டியிருக்கும்.

பிறகு எப்போதாவது ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். கல்யாண வீட்டில் அழகாக இருக்க நினைப்பதில் என்ன தவறு? ஆனால் நீளத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் பல பாலூட்டி விலங்குகளின் இமைகளை அளந்து பார்த்தார்கள். இமை முடி கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால்தான் கண் காய்வதும் தூசி படிவதும் மிகக் குறைவு. அதைவிட நீண்டால் முடிகளே காற்றைத் திரட்டிக் கண்ணுக்குள் அனுப்பிவிடுகின்றன. ஏசி ஓடும் மண்டபத்தில், வீடியோ விளக்குக்கு எதிரே மணிக்கணக்கில் நிற்கும் மணப்பெண்ணின் கண் ஏன் எரிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேக்கப் போடுபவரிடம் ரப்பர் கலக்காத பசை கேளுங்கள். இரண்டு நாள் முன்பே அதைக் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, தடிக்கிறதா என்று பாருங்கள். பட்டையில் பசை தடவியதும் அரை நிமிடம்போல் விட்டு, பிசுபிசுப்பு வந்தபின் ஒட்டினால் பசை வழியாது. வழிந்து முடி வேர்களுக்கிடையில் போய் இறுகிய பசைதான் கழற்றும்போது சொந்த முடியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. இன்னொருவர் கண்ணில் இருந்த பட்டையை வாங்கி ஒட்டாதீர்கள், உங்களுடையதைக் கொடுக்கவும் வேண்டாம். ஒட்டிய அன்றே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். சேலை, நகைப் பெட்டியோடு ஒரு சின்னப் பையில் காட்டன் பேட், இயர்பட்ஸ், எண்ணெய் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டால் நள்ளிரவில் தேடி அலைய வேண்டியதில்லை.

கண் வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கிக் கழுவியும் தெளியாவிட்டாலோ, சீழ் மாதிரி பூளை தள்ளினாலோ, இமை மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கினாலோ அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். லென்ஸ் போடுகிறவர் என்பதால் நீங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே போவது நல்லது. இவை எதுவும் இல்லாமல் வெறும் அரிப்பு மட்டும் என்றால், பட்டையை எடுத்தபின் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் குறையாவிட்டால் போக வேண்டியதுதான். போகும்போது கழற்றிய பட்டையைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து, பசை பாட்டிலின் படத்தோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.